ரெட் ஆக்சைடு

இந்தத் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் இல்லை.
பெயின்ட் கம்பெனிக்காரன்
ஆளுக்கொரு பச்சை டப்பா கொடுத்தான்.
இருபத்தைந்து பை, நூல் கட்டியது.
ஓரத்தில் பொடி எழுத்தில்:
ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது.

காசிமேட்டில், கரையேற்றிய விசைப்படகின் அடிவயிற்றில்
மல்லாந்து கிடந்து
துருவைக் கொத்திக்கொண்டிருந்தேன்.
டெல்லிபாபு வாய்விட்டுப் படித்தான்.
'ஆக்சைடுக்கு ஆன்டியாம்ணா.
அப்ப நம்ம வேலைதான்.
உள்ளாற பூந்து சொரண்டும் போல.'

துருவைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம்.
பதினெட்டு வருஷம்.
காற்று கடிக்கும், உப்பு கூடச் சேரும்,
இரும்பு முதலில் வெட்கப்பட்டது போல் சிவக்கும்,
அப்புறம் அப்பளமாய்ப் பொருமும்.
மீட்டர் வட்டி மாதிரி
தூங்கும்போதும் ஏறும்.

உடம்புக்குள்ளும் அதே கதையாம்.
மூச்சு விட்டாலே கொஞ்சம் துருப்பிடிக்குமாம்.
அதிலும் எங்கள் மூச்சு:
எண்ணூர்ச் சாம்பல், மணலி வாடை,
ஹார்பர் கேட்டில் மூன்று மணி நேரம் நிற்கும்
கன்டெய்னர் லாரியின் கரி.
ஒரு விரற்கடைப் பை
இதை என்ன செய்துவிடும்?

காஜா பாய் கடையில் வெந்நீர் கேட்டோம்.
பால் ஊற்றப் போனவரின் கையைப் பிடித்தேன்.
'டீயா இது? கிளாஸ் அலசின தண்ணி.'
அவர் கொதிக்க விடுவது
கசக்கி, காற்றில் கிடத்தி, கறுத்த இலை.
இது, காற்று கை வைப்பதற்குள்
சூடு காட்டி நிறுத்திய இலை.
டப்பாவின் முதுகில் போட்டிருந்தது.
'பிரைமர் அடிச்ச எல' என்றான் டெல்லிபாபு.
வாழைப்பூவைப் பச்சையாய்க் கடித்த துவர்ப்பு.

பதினோரு இரவு
சோறு தின்ற கையோடு
எனக்கொன்று, பிரகாசிக்கொன்று.
அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தாள்.
பன்னிரண்டாம் நாள்
இறால் உரிக்கும் கம்பெனியில் மயங்கி விழுந்தாள்.

தண்டையார்பேட்டையில் ரத்தம் எடுத்தார்கள்.
எட்டுப் புள்ளி இரண்டு.
ரொம்ப நாளாகவே குறைவாய்த்தான் இருந்திருக்கும் என்றாள் நர்ஸ்.
நீட்டிய அட்டையில் முப்பது மாத்திரை,
நான் தினமும் கலக்கும் அதே சிவப்பு.
'சாப்பிட்டவுடனே டீ மட்டும் வேணாம்.
பச்சையோ கறுப்போ,
இரும்பை ஒடம்புல ஏற விடாம
புடிச்சி வெச்சிக்கும்.'

பஸ்ஸில் நான் பேசவில்லை.
இரும்பிடமிருந்து காற்றைத்
தள்ளி வைப்பது என் பிழைப்பு.
பதினோரு இரவு, இதே கையால்,
அவளிடமிருந்து இரும்பைத் தள்ளி வைத்திருக்கிறேன்.

அவள்தான் ஆரம்பித்தாள்.
'படகுல சொரண்டிக் கொட்றியே,
அதுல ஒரு பொட்டலம் கட்டிக்கினு வாயேன்.'
முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் வரை
சிரித்தோம்.

பிழிந்த பை ஒன்றை
ஜன்னலோரம் துருப்பிடித்த போல்ட் மேல்
போட்டு மறந்திருக்கிறேன்.
எடுத்துப் பார்த்தால் சிவப்பைக் காணோம்.
மைக்கறுப்பு.
நகத்தால் கீறினேன். உதிரவில்லை.
நர்ஸ் சொன்னது நிஜம், பிடித்தால் விடாது.
டப்பாவும் பொய் சொல்லவில்லை போல.
இரண்டையும் எங்கே வைத்துக்கொள்வது என்றுதான்
தெரியவில்லை.

இப்போது மாத்திரை அவளுக்கு ராத்திரி.
எனக்கு டீ, யார்டில், நாலு மணிக்கு.
மிச்சம் இரண்டு பை.
'குட்ச்சா நல்லதாணா?' என்கிறான் டெல்லிபாபு.

தெரியாதுடா.
மூணு கோட் அடித்து அனுப்பும் படகையும்
கடல் தின்னத்தான் செய்கிறது,
கொஞ்சம் மெதுவாக.
அந்தக் கொஞ்சத்துக்குத்தான் நமக்குக் கூலி.

கிளாஸை இங்கே கொடு.
ஆறிப்போனால் இன்னும் துவர்க்கும்.